கனவு நோட்டும் அறுபதைத் தாண்டியவர்களும்

ஓய்வு பெற்றதிலிருந்து கனவுகளை எழுதி வைக்கிறேன், ஒன்பது வருடமாகிறது. அதை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: எழுந்ததும் கனவு மறந்துவிடுகிறது. 68 வயதில் இனிமேல் நினைவு நிற்குமா?

நிற்கும். விழிப்பு வந்ததும் புரளாதீர்கள், செல்போனைத் தொடாதீர்கள். கடைசிக் காட்சியைப் பிடித்தால் முந்தையது தானே பின்னால் வரும். இரவில் இரண்டு தடவை பாத்ரூம் போகிறோமே, அதுகூட உதவிதான். கனவின் நடுவில் விழித்தவருக்கே கனவு ஞாபகமிருக்கும்.

கேள்வி: விடியற்காலைக் கனவு பலிக்குமாமே?

கனவுத் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். விடியும்போது வருவது நீளம், அதனால் மனதில் தங்குகிறது. பலன் சொல்வது என் வேலையில்லை.

கேள்வி: கணவர் போய் இரண்டு வருடம். கனவில் வந்து பசிக்கிறது என்கிறார். ஆத்மா சாந்தியடையவில்லை என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பயப்படாதீர்கள் அம்மா. திதி கொடுப்பது, காக்கைக்குச் சோறு வைப்பது உங்கள் வழக்கமென்றால் செய்யுங்கள். பரிகாரத்துக்குப் பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அப்புறம், அந்தப் பசி யாருடையது என்று யோசியுங்கள். இத்தனை வருடம் வேளை தவறாமல் சோறு போட்ட கை இப்போது சும்மா இருக்கிறது, இல்லையா? என் கனவில் அப்பா ஈரத் துண்டோடு வாசலில் நிற்பார், பேசமாட்டார். அவரிடம் சொல்லாமல் விட்டதை எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் போனது. இன்னும் வருகிறார், ஆனால் இப்போது திண்ணையில் உட்காருகிறார்.

கேள்வி: இதில் ஆன்மிகம் எங்கே வருகிறது?

நனவு, கனவு, உறக்கம், அவற்றைக் கடந்த துரியம் என்று 12 மந்திரங்களில் சொல்லிவிடுகிறது மாண்டூக்கிய உபநிடதம். நனவு நீண்ட கனவு, அவ்வளவுதான் என்றார் ரமணர். மனநல மருத்துவர் கார்ல் யுங், 1944இல் நோயில் படுத்து எழுந்த பிறகு ஒரு கனவு கண்டார். சிறிய ஆலயத்தில் ஒரு யோகி தியானத்தில் இருக்கிறார், முகம் யுங்கின் முகம். அந்த யோகி கண்விழித்தால் தாம் இனி இருக்கப்போவதில்லை என்று யுங்குக்குப் புரிந்ததாம். கனவு என்ன சொல்கிறது என்பதைவிட, கண்டது யார் என்று கேட்கத் தோன்றினால் அங்கேதான் ஆரம்பம்.

கேள்வி: தூக்கத்தில் கத்துகிறேன், கையை வீசுகிறேன். மனைவிக்கு அடிபட்டுவிட்டது. இது ஏதாவது சக்தியா?

இல்லை ஐயா. நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். கனவு காணும்போது தசைகள் அசையாமல் இருக்க வேண்டும். 50க்கு மேல் அந்தக் கட்டு விட்டுப்போவது சிலருக்குப் பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறி. சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் இப்படி ஆகலாம், சாப்பிடும் மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். அதுவரை மனைவி தனிக் கட்டிலில் படுக்கட்டும்.