அமெரிக்காவில் பல இனத்தவர் சேர்ந்து படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா? படிப்பும் பள்ளி வாழ்க்கையும் எப்படி இருக்கும்?

வேலை மாற்றத்தால் மேரிலாந்துக்கு வருகிறீர்கள். மகள் இந்தியாவில் ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கிறாள். வீடு பார்த்திருக்கும் பகுதிக்கு உரிய அரசுப் பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு ஐந்துதான் மதிப்பீடு. பல நாட்டவரும் 'எல்லாவிதமான பிள்ளைகளும்' கலந்து படிக்கும் இடத்தில் படிப்பு கெட்டுவிடுமோ, பாதுகாப்பாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதே மாநிலத்தில் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பள்ளி நல்லதா கெட்டதா என்று ஆராய்வதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். பெரிய அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரே கூரையின்கீழ் மூன்று நான்கு பள்ளிகள் நடக்கின்றன. உங்கள் மகள் அவற்றில் எதில் படிக்கப்போகிறாள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அது பெரும்பாலும் சேர்ந்த முதல் வாரத்திலேயே, கவுன்சிலரின் (எந்தப் பாடங்களை எடுப்பது என்று முடிவு செய்ய உதவும் பள்ளி ஆலோசகர்) அறையில், அவசர அவசரமாக முடிவாகிவிடுகிறது.

என் வகுப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்பதாம் வகுப்பினருக்கு அல்ஜீப்ரா. எல் சால்வடாரிலிருந்து வந்தவர்கள், எத்தியோப்பியக் குடும்பத்துப் பிள்ளைகள், தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் கறுப்பினப் பிள்ளைகள் என்று அறை நிறைந்திருக்கும். மதியம் அதே அறையில், அதே நாற்காலிகளில், ஏ.பி. கால்குலஸ், அதாவது கல்லூரி அளவிலான நுண்கணிதம். இப்போது இந்திய, சீனப் பெயர்கள், வெள்ளையினப் பிள்ளைகள். காலையில் பார்த்த இனத்தவர் ஒன்றிரண்டு பேர். பள்ளியின் அறிமுகத் தாளில் எல்லோரும் தோள்மேல் கைபோட்டுச் சிரிக்கும் படம் இருக்கும். அது பொய்யில்லை, கால்பந்து மைதானத்தில் எடுத்தது. வகுப்பறையில் எடுத்தால் அப்படி அமைவது கடினம். 1954-இல் பிரவுன் வழக்கில் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் இதே மேரிலாந்தின் பால்டிமோரில் பிறந்தவர். இனம் பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனிக் கட்டடத்துக்கு அனுப்பிய மாநிலம் இது. அந்த ஏற்பாடு ஒழிந்தது. சாதாரணம், அதற்கு மேல் ஹானர்ஸ், அதற்கும் மேல் ஏ.பி. என்று பாடங்களை அடுக்கியிருக்கும் முறையில் அதன் நிழல் இன்னும் விழுகிறது.

மதிப்பீட்டு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் தேர்வுகளின் சராசரியைக் கொண்டு போடுவது. போன வருடம்தான் இந்த நாட்டுக்குள் வந்து, இன்னும் ஆங்கிலம் பிடிபடாத பையனின் மதிப்பெண்ணும் அதில் சேர்கிறது. ஆகவே அங்கே யார் படிக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லும். எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. கூட்டாட்சிச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலமும் பள்ளிவாரியாக விவரங்களை வெளியிட்டாக வேண்டும். இனம், வருமானம், மொழி என்று பிரித்தும் தர வேண்டும். சராசரியை விட்டுவிட்டு அந்தப் பிரிவுகளைப் படியுங்கள். அங்கே என்னென்ன ஏ.பி. பாடங்கள் நடக்கின்றன, அவற்றில் விரும்பிய எவரும் சேரலாமா, ஆசிரியர் பரிந்துரை வேண்டுமா என்றும் கேளுங்கள்.

இனி அந்த முதல் வாரம். இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கணிதத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே உயர்நிலைப் பள்ளிக் கணிதம் தனித்தனிப் பாடங்களாக ஒன்றன்பின் ஒன்றாக வரும்: அல்ஜீப்ரா ஒன்று, ஜாமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு, பிரீகால்குலஸ், கால்குலஸ். உங்கள் மகளின் மதிப்பெண் பட்டியலில் 'கணிதம்' என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும். அதற்குள் பல்லுறுப்புக் கோவைகளும் முக்கோணங்களும் வட்டங்களும் இருப்பது கவுன்சிலருக்கு எப்படித் தெரியும்? ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்களுக்கு மேல் கூடாது என்பது அவர்களுடைய சங்கத்தின் பரிந்துரை. நடைமுறையில் பல இடங்களில் அதைவிடக் கூடுதல். அவர் வம்புக்குச் செய்யவில்லை. ஜாமெட்ரி என்ற பெயர் பட்டியலில் இல்லாததால், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அல்ஜீப்ரா ஒன்றில் போட்டுவிடுவார்.

இப்போது கணக்குப் போடுங்கள். பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா ஒன்று என்றால், பதினொன்றில் ஜாமெட்ரி, பன்னிரண்டில் அல்ஜீப்ரா இரண்டு. பிரீகால்குலஸையே தொடாமல் பள்ளி முடிந்துவிடும். பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. பத்தாம் வகுப்பிலேயே ஜாமெட்ரியையும் அல்ஜீப்ரா இரண்டையும் சேர்த்து எடுத்தால் பன்னிரண்டில் கால்குலஸ் கிடைத்துவிடும். அப்படி இரண்டையும் எடுப்பது புதிதல்ல. பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தையும் அவள் எழுதிய தேர்வுத் தாள்கள் சிலவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். நிலையறியும் தேர்வு வைக்கச் சொல்லுங்கள். இருபடிச் சமன்பாடுகளை வருவதற்கு முன்பே அவள் படித்துக்கொள்வது நல்லது. அவை நம் ஊரில் பெரும்பாலும் பத்தாம் வகுப்புக்கு வருபவை, இங்கே அல்ஜீப்ரா ஒன்றிலேயே முடிந்துவிடும்.

சேரும்போது வீட்டு மொழி பற்றிய படிவம் ஒன்று தருவார்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்கும். 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் மகளுக்குத் தேர்வு வைப்பார்கள் என்று நம்மவர்களே உங்களுக்கு யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், உண்மைதான். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் படிப்பதிலும் எழுதுவதிலும் தேறிவிடுகிறார்கள். பேசும் பகுதியில் கூச்சத்தால் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தேறாவிட்டால் ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பு கிடைக்கும். விருப்பப் பாடம் ஒன்றின் நேரத்தை அது எடுத்துக்கொள்ளும் என்பது மட்டுமே குறை. அந்த உதவி பள்ளி போடும் பிச்சை அல்ல. சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த லாவ் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்று கொடுத்த உரிமை. விசா விஷயத்திலும் பயம் வேண்டாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது என்று 1982-இல் பிளைலர் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. அந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு வாடகை ஒப்பந்தம் போன்ற ஆதாரம், மகளின் வயதுச் சான்று, தடுப்பூசி விவரங்கள் போன்றவற்றைக் கேட்பார்கள்.

படிப்பு முறை அவளுக்குப் புதிதாக இருக்கும். 'பொதுத்தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நம் பழக்கம் இங்கே செல்லாது. வீட்டுப்பாடம், சிறு தேர்வு, செய்முறை, குழு வேலை எல்லாமே மதிப்பெண்ணில் சேரும். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாறு வீட்டுப்பாடங்களைக் கொடுக்காமல் விட்டு மதிப்பெண்ணில் சரிவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுக்கும் மதிப்பெண்கள் அனைத்தும் கல்லூரிக்குப் போகும். மறுபக்கம், தேர்வில் சறுக்கினால் மறுதேர்வு எழுத விடும் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். நம் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியரோ ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்வார். ஆசிரியருக்கு நாலு வரியில் மின்னஞ்சல் எழுத இப்போதே பழக்குங்கள்.

இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் பூஜ்யம்தான், பெற்றோரையும் அழைப்பார்கள். மனப்பாடம் செய்து வரி பிசகாமல் எழுதினாலும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், அதையும் சொல்லி வையுங்கள்.

ஏ.பி. பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கல்லூரி அளவிலான பாடம், மே மாதத்தில் தேர்வு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். பத்தாம் வகுப்பில் புது நாட்டுக்கு வரும் பிள்ளைக்கு ஒன்று போதும். முதல் வருடமே நான்கு எடுக்கச் சொல்லும் பெற்றோரிடம் எனக்குப் பொறுமை குறைவு.

நம் ஊரில் 'பத்தாம் வகுப்பு ஆ பிரிவு' என்று ஒரு கூட்டம் இருக்கும். ஒரே அறை, ஒரே பெஞ்சு, வருடம் முழுக்க அதே முகங்கள். நட்பு தானாக வந்து சேரும். இங்கே அந்தப் பிரிவே கிடையாது. ஆசிரியர் அறையில் இருப்பார். மணி அடித்ததும் பிள்ளைகள்தான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு வேறு ஆட்கள். ஜாமெட்ரியில் ஒன்பதாம் வகுப்புக்காரரும் பதினொன்றாம் வகுப்புக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எனவே முதல் மாதம் தனிமைதான். அதன் உச்சம் மதிய உணவு நேரம். தட்டை ஏந்திக்கொண்டு எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் அந்த அரை நிமிடத்தைவிட இயற்பியல் தேர்வு எளிது. ஸ்பானிஷ் பேசும் மேசை, ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் மேசை, இந்தியப் பிள்ளைகளின் மேசை என்று தாமாகவே பிரிந்து உட்காருவார்கள். வெளியிலிருந்து பார்க்கும் பெரியவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்துவதில்லை. நாள் முழுக்க இரண்டாம் மொழியில் யோசித்த பிள்ளை அரை மணி நேரம் தாய்மொழியில் சிரிக்கட்டுமே. என் அறையைச் சாப்பாட்டு நேரத்தில் திறந்தே வைக்கிறேன். ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், கூடவே புதிதாக வந்தவர்களும். எல்லாப் பள்ளியிலும் இப்படி ஓர் அறையாவது இருக்கும். முதல் நாளே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். சண்டை நடக்குமா? எப்போதாவது நடக்கும்; விலகி நடக்கும் பிள்ளையைத் தேடி வராது. அவளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது வேறொன்று. துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்று அவ்வப்போது ஒத்திகை நடத்துவோம். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, எல்லோரும் மூலையில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். இங்கே வளர்ந்த பிள்ளைகள் அலுப்போடு உட்காருவார்கள். புதிதாக வந்தவர்கள் நிஜம் என்று எண்ணி நடுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் கேள்வியில் 'எல்லாவிதமான பிள்ளைகளும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது யாரைக் குறிக்கிறது என்று இங்கே இருக்கும் தமிழர் எல்லோருக்கும் புரியும். வார இறுதி விருந்துகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளையும் பற்றி நம்மவர்கள் பேசுவது என் காதில் விழுகிறது. அதே பேச்சு அவர்களுடைய பிள்ளைகளின் காதிலும் விழுகிறது. பள்ளி முடிந்து கடையில் வேலை செய்துவிட்டு, இரவில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, காலையில் தூக்கக் கண்களோடு என் வகுப்புக்கு வரும் சால்வடார் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளோடு சேர்ந்தால் உங்கள் மகளின் கணிதம் கெடாது.

நட்புக்குச் சுருக்கமான வழி, பள்ளி விட்ட பிறகு நடப்பவற்றில் சேர்வது. மேரிலாந்தில் உயர்நிலைப் பள்ளிப் பட்டம் பெற, பாடங்களில் தேறினால் கிடைக்கும் கிரெடிட்டுகள் 21-ஓடு 75 மணி நேரச் சமூக சேவையும் முடிக்க வேண்டும். நடுவில் வந்து சேர்பவர்களுக்குக் கணக்கு மாறலாம் என்பதால் கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேவைக்குப் போகும் இடத்திலேயே நாலு பேர் பழக்கமாவார்கள். விவாதக் குழு, ரோபோ குழு, நாடகம், இசைக்குழு என்று ஏராளம் உண்டு. விரும்பிய சங்கம் இல்லையென்றால், பொறுப்பேற்க ஓர் ஆசிரியரைப் பிடித்து அவளே தொடங்கலாம்.

விளையாட்டில் கூடைப்பந்து போன்ற அணிகளுக்குத் தேர்வு வைத்துப் பலரைக் கழித்துவிடுவார்கள். நெடுந்தூர ஓட்ட அணியில் பெரும்பாலும் யாரையும் கழிப்பதில்லை. கடைசியாக ஓடி வருபவளுக்கும் சீருடை கிடைக்கும், பேருந்தில் இடமும் கிடைக்கும். பள்ளியின் எல்லா மேசைகளிலிருந்தும் அங்கே ஆள் வரும். அந்த அணியின் பயிற்சி ஆகஸ்டிலேயே, வகுப்புகள் தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடும். தடுப்பூசி விவரங்களை ஊரிலேயே தேதியோடு எழுதி வாங்கி வாருங்கள்; விளையாட்டுக்காக மருத்துவர் கையெழுத்திட வேண்டிய உடல்தகுதிப் படிவத்துக்கு இங்கே வந்து இறங்கியவுடன் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் மைதானத்துக்குள் விட மாட்டார்கள்.