துணை அதிபர் கொண்டுவரும் வாக்குகள்

அன்புள்ள ஐயா,

கென்யத் தேர்தல்கள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு சந்தேகம். போலீஸ், கஜானா எல்லாம் அதிபர் கையில்தானே? அப்படியிருந்தும் 2017-ல் அதிபர் உஹுரு கென்யாட்டா, துணை அதிபர் வில்லியம் ரூட்டோவை நம்பியே பிரச்சாரத்தில் இறங்கினார். தனக்குக் கீழே இருப்பவரிடம் போய் உதவி கேட்பது ஒரு தலைவருக்குப் பலவீனம் இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

பலவீனம் என்று எனக்குத் தோன்றவில்லை. கென்யாவின் 2010 அரசியல் சாசனப்படி, பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால் மட்டும் அதிபராகிவிட முடியாது. 47 மாவட்டங்களில் குறைந்தது 24-ல் கால்வாசி வாக்காவது விழுந்திருக்க வேண்டும். எந்த இனமும் தனித்து நின்று அதை எட்ட முடியாது. கென்யாட்டா கிகுயு இனத்தவர். அவருடைய பலம் கென்யா மலையைச் சுற்றி. ரூட்டோ கலெஞ்சின், அவருக்கு ரிஃப்ட் பள்ளத்தாக்கு. 2013-ல் இருவரும் சேர்ந்து நின்றுமே கிடைத்தது 50.07 சதவீதம்தான்.

ஆனால் எனக்கு இந்தக் கணக்கைவிட முக்கியமாகப் படுவது வேறு. 2007 தேர்தலில் இவர்கள் இருவரும் எதிரெதிர் அணிகளில் இருந்தார்கள். முடிவு வந்ததும் கலவரம் வெடித்தது. 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். எல்டொரெட் அருகே கியாம்பா என்ற ஊரில், தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்த கிகுயு மக்களை 2008 ஜனவரி 1 அன்று உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஐந்தே வருடத்தில் அந்த இரண்டு இனத் தலைவர்களும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, சிவப்பு டையில் ஒரே மேடையில் நின்றார்கள். அந்தக் கலவரத்துக்காகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற வழக்கு இருவர் மேலும் இருந்ததால்தான் கூட்டு சேர்ந்தார்கள் என்பார்கள். அதில் உண்மை இருக்கலாம். இருந்தாலும், 2013-ல் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் அந்தப் பழைய கொலைவெறி திரும்பவில்லை. அதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியாது.

ஆகவே அதிபர் துணை அதிபரிடம் உதவி கேட்கும்போது, ஒரு தனி ஆளிடம் கேட்கவில்லை. அவர் பின்னால் நிற்கும் ஜனங்களிடம் கேட்கிறார். கடன்பட்டதும் அவர்களிடம்தான். தனக்குப் பத்து வருடம், அப்புறம் ரூட்டோவுக்குப் பத்து வருடம் என்று கென்யாட்டா வாக்குக் கொடுத்திருந்தார். 2018 மார்ச்சில் எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காவுடன் சமரசமாகிக் கைகுலுக்கிய பிறகு அது காற்றில் போனது. 2022-ல் கென்யாட்டா ஒடிங்காவுக்கே ஆதரவு கேட்டார். ரூட்டோ ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைச் சின்னமாக்கி, காய்கறி விற்கும் பெண்களின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டார். கென்யாட்டாவின் சொந்த மலை மாவட்டங்களே பெருவாரியாக ரூட்டோவுக்குப் போட்டன. 50.49 சதவீதத்தில் அதிபரானார்.

அந்த மலை வாக்குகளுக்காக ரூட்டோ துணைக்குச் சேர்த்துக்கொண்டவர் ரிகதி கச்சாகுவா. ஆட்சியை ஒரு கம்பெனியாகவும் வாக்களித்தவர்களைப் பங்குதாரர்களாகவும் பேசியவர் அவர். அந்தப் பேச்சு தப்பு, சந்தேகமில்லை. ஆனால் துணை அதிபரை அதிபர் நினைத்த மாத்திரத்தில் நீக்க முடியாது என்று சாசனம் வைத்திருப்பதே, வாக்கு வாங்கிக்கொண்டு கைவிடக் கூடாது என்பதற்காகத்தான். 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் தீர்மானம் போட்டுச் சில நாட்களிலேயே அவரை இறக்கிவிட்டார்கள். தான் பட்ட வேதனையையே ரூட்டோ இன்னொருவருக்குச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

2027 ஆகஸ்டில் மறுபடி தேர்தல். ரூட்டோவுக்கு அந்த மலை மாவட்டங்கள் திரும்பவும் வேண்டும். இப்போது துணை அதிபர் கித்துரே கிண்டிகி, அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். கச்சாகுவாவோ தனிக்கட்சி தொடங்கி, அதே ஊர்களில் ரூட்டோவுக்கு எதிராக வாக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.