ஜெர்மனியே அணு உலையை மூடிவிட்டது, என் மகள் எதைப் படிப்பது?

அம்மா, உங்கள் மகள் டிரிபிள் இ மூன்றாம் ஆண்டு. ஜெர்மனியில் ரினியூவபிள் எனர்ஜியில் எம்.எஸ். படிக்க ஆசைப்படுகிறாள். கூடங்குளத்தில் வேலை பார்க்கும் உங்கள் தம்பியோ, "காற்றாலை சீசன் வேலை அக்கா, அணுமின் நிலையம்தான் காலத்துக்கும் சோறு போடும்" என்கிறார்.

தம்பி சொல்வது இந்தியாவுக்குப் பொருந்தும். 2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்பது இங்கே இலக்கு. ஜெர்மனியின் கதை வேறு. 2002-ல் அணுமின்சாரத்தைக் கைவிடச் சட்டம் போட்டார்கள். 2010-ல் சான்சலர் மெர்கலின் அரசு உலைகளின் ஆயுளை நீட்டித்தது. அடுத்த ஆண்டே ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. அதே மெர்கல் எட்டு உலைகளை மூடவைத்தார். கடைசி மூன்றும் 2023 ஏப்ரல் 15-ல் நின்றன. 2010-ல் அணுத்துறையை நம்பிச் சேர்ந்த மாணவன் டிகிரி வாங்குவதற்குள் கொள்கை தலைகீழாகிவிட்டது. அரசின் அறிவிப்பைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மூடிய உலையிலும் வேலை உண்டு. கிரைஃப்ஸ்வால்டு அணுமின் நிலையத்தை 1995-ல் பிரிக்கத் தொடங்கியவர்கள் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காகக் கடன் வாங்கிப் போக வேண்டாம்.

அங்கே இப்போது தலைவலி மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிதான். காற்று வடக்கே கடலோரம். பெரிய தொழிற்சாலைகள் பல தெற்கே. பலத்த காற்றடிக்கும் நாளில் வடக்கே காற்றாலையை நிறுத்தச் சொல்லி, தெற்கே வேறு நிலையத்தை ஓட்டுகிறார்கள். நின்ற காற்றாலைக்கும் காசு கொடுத்தாக வேண்டும். இதற்காகத்தான் சூட்லிங்க் என்று சுமார் 700 கி.மீ. நேர்மின்சார (டி.சி.) கேபிளை மண்ணுக்கடியில் பதிக்கிறார்கள். ஆடிக் காற்றிலும் ஆரல்வாய்மொழியில் சில இறக்கைகள் சும்மா நிற்பதை நீங்களே பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள்; எல்லாமே பழுதாகி நிற்பவை அல்ல, கம்பியில் இடமில்லாமல் நிறுத்தியவையும் உண்டு. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021-ல் தொடங்கிய 2,000 மெகாவாட் தடமும் நேர்மின்சாரம்தான், கொஞ்ச தூரம் மண்ணுக்கடியில்தான் போகிறது.

ஆகவே கோர்ஸின் பெயரில் மயங்க வேண்டாம். பாடத்திட்டத்தை இறக்கி, இந்தக் கம்பி வேலைக்கு உதவும் பவர் சிஸ்டம்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ் இரண்டுக்கும் எத்தனை கிரெடிட் என்று எண்ணச் சொல்லுங்கள். அந்தப் படிப்பு கூடங்குளத்தில் மின்சாரத்தைக் கம்பிக்கு அனுப்பும் ஸ்விட்ச்யார்டிலும் செல்லுபடியாகும், மாமாவுக்கும் சமாதானம்.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துக்குப் போனால் செமஸ்டருக்கு 1,500 யூரோ. இங்கே படித்த சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருவார்கள்.

அந்த 18 மாதத்தைத் தின்பது மொழிதான். வகுப்பு இங்கிலீஷில் நடக்கும். சப்ஸ்டேஷனில் பேச்சு ஜெர்மனில். என்னிடம் வந்த ஒரு பையன் ஜெர்மனில் ஏ1 என்ற ஆரம்ப நிலை மட்டும் முடித்துவிட்டுப் போனான். நல்ல மார்க்தான், ஆனால் எட்டு மாதம் சைக்கிளில் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தான். சரளமாகப் பேசும் பி2 நிலையை முடித்த பிறகுதான் இன்டர்வியூவுக்கே கூப்பிட்டார்கள்.

இந்த லீவிலேயே ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அஞ்சு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் அனுப்புங்கள்; எலக்ட்ரிகல் மெஷின்ஸில் என்ன வாங்கியிருக்கிறாள் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.