பிரேக் ஆயில் குறைகிறது, தரையில் கறை இல்லை: கசிவை எங்கே தேடுவது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடைய ஹேட்ச்பேக் கார் வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிரேக் ஆயில் கிண்ணத்தில் அளவு குறைந்து எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஆயில் ஊற்றிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் மறுபடியும் எரிகிறது. வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை எதுவும் இல்லை. பெடல் முன்பைவிடச் சற்றுக் கீழே இறங்குகிறது. ஆயில் ஊற்றி ஓட்டிக்கொண்டே இருக்கலாமா?"

ஓட்டக் கூடாது. பிரேக் அமைப்பு மூடிய அமைப்பு. என்ஜின் ஆயிலைப் போல எரிந்து தீர்வதற்கோ ஆவியாகிப் போவதற்கோ அங்கே வழியில்லை. கிண்ணத்தில் அளவு குறைந்தால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. பிரேக் பேடுகள் தேயத் தேய, அவற்றை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்து அந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்வது ஒன்று. இது பல மாதங்களில் மெதுவாக நடக்கும், இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. மற்றொன்று கசிவு. ஒரே மாதத்தில் இவ்வளவு குறைந்து, பெடலும் இறங்குகிறது என்றால் உங்களுடையது கசிவுதான். இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்று காலியானாலும் மற்றொன்றால் வண்டி நிற்கும்; ஆனால் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் மிகவும் கூடிவிடும். "பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது" என்ற நம்பிக்கை இங்கேதான் ஆளை ஏமாற்றுகிறது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்; இல்லையென்றால் வண்டியை ஏற்றிச் செல்லும் டோ வாகனத்தில் அனுப்புங்கள்.

தரையில் கறை இல்லாததை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. சென்னையில் ஆண்டு முழுவதும் ஏசி ஓடுவதால் வண்டிக்கடியில் ஈரம் இருப்பதை நாம் கண்டுகொள்வதில்லை. ஏசி தண்ணீர் விரலில் வழுக்காது. பிரேக் ஆயில் வழுக்கும், புதிதாக இருந்தால் இளமஞ்சளாகவும் பழையதாக இருந்தால் பழுப்பாகவும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: என்ஜின் ஆயில் மிதக்கும், பிரேக் ஆயில் கரைந்துவிடும். அது பெயின்டை அரிக்கக்கூடியது என்பதால் வண்டியின் மேல் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

கறை தெரியாமல் கசியும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கர டிரம். அதனுள் பிரேக் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்தால் ஆயில் தரைக்கு வராமல் பிரேக் ஷூவிலேயே ஊறிவிடும். முற்றிய பிறகுதான் டயரின் உட்பக்கத்தில் வழியும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருக்களில் ஓடும் வண்டிகளில் டிரம்முக்குள் ஈரம் புகுந்து, சிலிண்டரின் உட்சுவரில் துருப்பிடித்துக் குழி விழுகிறது. அந்தக் குழியில் உரசி ரப்பர் கிழிகிறது. வேளச்சேரியில் இருக்கும் உங்கள் வண்டிக்கு என் முதல் சந்தேகம் இதுவே. டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பார்த்தால், உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே செய்ய வேண்டும்.

டிரம் உலர்ந்திருந்தால், அடுத்தது மாஸ்டர் சிலிண்டரின், அதாவது பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் சிலிண்டரின் பின்முனை. அங்குள்ள சீல் போனால் ஆயில் நேராக பூஸ்டருக்குள் (என்ஜினின் உறிஞ்சு விசையால் பெடலை லேசாக்கும் பகுதி) இறங்கும். அதை என்ஜின் உறிஞ்சினால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரலாம். இரண்டு நட்டுகளைக் கழற்றி, சிலிண்டரைச் சற்று முன்னே இழுத்தாலே அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியும்.

பலரும் மறந்துவிடுவது கிளட்ச். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் அதற்கும் இதே கிண்ணத்திலிருந்துதான் ஆயில் போகிறது. கிண்ணத்தின் பக்கவாட்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பிரிந்து செல்வதைக் காணலாம். கிளட்ச் பெடலுக்கு மேலும் அடியிலுள்ள கம்பளத்திலும் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இரும்புக் குழாய்களும் ஹோஸ்களும் கசிந்தால் பெரும்பாலும் வெளியே தெரியும். கடற்காற்று படும் பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதி வண்டிகளில் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் துருவைத் தேட வேண்டும்.

பழுது பார்ப்பதில் சிக்கனம் வேண்டாம். ஒரு பக்க வீல் சிலிண்டர் போயிருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுவதே சரி. ஆயில் ஊறிய ஷூக்களைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடக் கூடாது. அச்சில் இரு பக்கமும் புதியவையாக மாற்ற வேண்டும். உதிரிகளை ஜி.பி. ரோட்டில் ரசீதுடன் புதிதாக வாங்குங்கள். பழைய உதிரிகள் விற்கும் புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பழைய பிரேக் சிலிண்டரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். துருப்பிடித்த குழாயில் பற்றவைப்பதும், இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் பழுதுநீக்கம் ஆகா.

கிண்ணத்தின் மூடியில் எழுதியிருக்கும் வகை (டாட் 3, டாட் 4 போன்றவை) ஆயிலையே ஊற்ற வேண்டும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும் டாட் 4 ஆயில் 230 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் உறிஞ்சிய பின் இவை 140, 155 டிகிரிக்கு இறங்கலாம். அதனால்தான் இந்த ஊரின் ஈரக் காற்றில் திறந்து வைத்திருந்த பாட்டிலை நான் ஏற்பதில்லை. சீல் உடைக்காத பாட்டில்தான் வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ யாராவது தவறுதலாக ஊற்றியிருந்தால் ரப்பர்கள் எல்லாம் உப்பிப்போகும்; அப்போது எல்லா சீல்களையும் மாற்ற நேரிடும்.

பிறகு காற்றெடுக்க வேண்டும், அதாவது பெடலை மிதித்து, குழாய்களில் புகுந்த காற்றை ஒவ்வொரு சக்கரத்திலும் வெளியேற்ற வேண்டும். சக்கரங்களின் வரிசை காருக்குக் கார் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில வண்டிகளுக்கு ஸ்கேனர் கருவியும் தேவைப்படும். அப்போது பெடலைத் தரைவரை மிதித்தால், பழைய மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் இதுவரை உரசாத துருப் பகுதிக்குச் சென்று கிழியக்கூடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது கல் போல நிற்க வேண்டும்; மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டியிருக்கலாம். கிண்ணத்தில் ஆயில் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் நாள்தோறும் காலையில் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னொரு கசிவு இருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள்.