தாத்தாவின் சவரக்கத்திக்குப் புதுப் பிடி

கேள்வி: தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி பழைய பெட்டியில் கிடைத்தது. அலகு முழுக்கத் துரு. பிடி வெடித்து, தொட்டால் உதிர்கிறது. துருவை மெஷினில் தேய்த்துவிட்டு மரத்தில் புதுப் பிடி போட்டால் மறுபடி சவரம் செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் மெஷின் மட்டும் வேண்டாம். சவரக்கத்தியின் வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பு, காகிதம்போல மெல்லியது. சுழலும் சக்கரத்தில் பட்டால் ஓரிரு நொடியில் சூடேறி எஃகு நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அங்கே இனிக் கூர் நிற்காது. கையால் தேய்த்தால் நேரம் பிடிக்கும், கத்தி பிழைக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் வாயைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து. அலகின் நடுவில் எவ்வளவு துரு இருந்தாலும் கவலையில்லை. வாயின் ஓரத்தில் துரு குழிகுழியாகத் தின்றிருந்தால்தான் சிக்கல். தீட்டத் தீட்ட ஒவ்வொரு குழியும் ஒரு பல்லாக வெளியே வரும். அப்புறம் வாயைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைத்து, மிக லேசாக அழுத்தி மெல்ல நகர்த்துங்கள். விரிசல் இருந்தால் அந்த இடம் மட்டும் தனியாக வளைவது தெரியும். விரிசல் விட்ட கத்தியை நினைவாக வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் வைக்காதீர்கள்.

உதிர்கிற பிடி செல்லுலாய்டாக, அதாவது பழைய வகை பிளாஸ்டிக்காக, இருக்க வாய்ப்பு அதிகம். அது சிதையும்போது அமில வாயு வெளியேறும். பிடிக்குள் மடங்கியிருந்த பகுதியில் துரு கூடுதலாக இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும் பொருள், ஆகவே நெருப்பு, வெயில் பக்கம் வைக்காதீர்கள். முற்றாக நொறுங்கும் முன் ஒரு அட்டையில் அதன் வடிவத்தையும் ஆணித் துளைகளையும் வரைந்துகொள்ளுங்கள். புதுப் பிடிக்கு அதுதான் அச்சு. பிறகு ஆணியின் தலையை அரத்தால் அராவி, மெல்லிய பஞ்ச் (ஆணியைத் தள்ளும் இரும்புக் குச்சி) வைத்துத் தட்டி வெளியே எடுங்கள். பழைய பிடிகளின் வால்பக்கத்து ஆப்பு, அதாவது இரு பட்டைகளுக்கும் இடையிலுள்ள சிறு துண்டு, ஈயமாக இருப்பதுண்டு. அதை அராவ வேண்டாம், தொட்டால் கையைக் கழுவுங்கள்.

அலகில் மெஷின் ஆயிலைத் தடவி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் அதைப் பலகையில் படுக்கவைத்து, 400, 600, 1000, 2000 என்று எண் கூடக் கூட நைசாகும் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்கலாம். தேய்ப்பு முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே போக வேண்டும். எதிர்த்திசையில் வந்தால் பேப்பரோடு விரலும் அறுபடும். முதுகைத் தேய்க்காதீர்கள். கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரப் படிகின்றன. முதுகின் தடிமன்தான் கூரின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. பல கத்திகளில் அது 16, 17 டிகிரி அளவில் இருக்கும். ஒரு பக்கம் கூடத் தேய்ந்தால் கோணம் கோணலாகிவிடும். ஆழமான துருக்குழிகளை நான் அப்படியே விட்டுவிடுவேன். அவற்றைத் துரத்திப் போனால் எஃகுதான் குறையும்.

இனி பிடி. ஈட்டி, கருங்காலி போல நெருங்கிய இழையுள்ள மரம் நல்லது. இழை நீளவாக்கில் ஓட வேண்டும். இந்த மரங்களின் தூள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது, முகக்கவசம் போடுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு பட்டைகளை டபுள் சைடு டேப்பால் ஒட்டி, ஒரே துண்டாக அறுத்து, ஒன்றாகவே துளையிடுங்கள். 1.6 மில்லிமீட்டர் துளை, செங்குத்தாக. துளை சற்றுச் சாய்ந்தாலும் அலகு ஒரு பக்கமாக இடிக்கும்.

வால்பக்கத்து ஆப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெளிப்பக்கம் தடித்தும் உள்பக்கம் மெலிந்தும் இருக்கும் அந்தச் சிறு துண்டுதான் இரு பட்டைகளையும் வில்போல விறைப்பாக்கி, அலகை நடுவில் நிறுத்துகிறது. நான் செய்த முதல் பிடியில் ஆப்பு நீண்டுவிட்டது. மடக்கியதும் அலகின் மூக்கு அதில் இடித்துப் பெயர்ந்தது. அதிலிருந்து ஆணி அடிக்கும் முன் சின்ன போல்ட் நட்டு போட்டு மாட்டி, பத்து முறை மடக்கிப் பார்க்கிறேன். மேலிருந்து பார்த்தால் அலகின் இருபுறமும் ஒரே இடைவெளி தெரிய வேண்டும்.

மரத்தின் உள்பக்கத்துக்கும் எண்ணெய்ப் பூச்சு அவசியம், தண்ணீர் தங்குவது அங்கேதான். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பல முறை பூசி, ஒவ்வொன்றையும் காயவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள்.

ஆணிக்குப் பித்தளைக் கம்பி. இரு முனையிலும் சிறு வாஷர் மாட்டி, அதற்கு வெளியே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விட்டு வெட்டி, சிறு சுத்தியலால் தட்டுங்கள். அடிக்க அல்ல, தட்ட. நாலைந்து தட்டு, திருப்பி மறுபக்கம் நாலைந்து. கம்பியின் தலை மெல்ல மெல்ல நடுவிலிருந்து பரந்து குமிழாகும். அலகை எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நின்றால் போதும். அதற்கு மேல் ஒரு தட்டு தட்டினால் மரம் பிளந்துவிடலாம்.

கல்லில் தீட்டுவது 1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000, 12000 வரை. பழக்கமில்லையென்றால் முதல் தீட்டலை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் வைத்துத் தரும் கூர்மையைத் தோல்வாரில் (கத்தியை இழுத்துத் தேய்க்கும் தோல் பட்டை) காப்பாற்றுவது உங்கள் வேலை: முதுகு முன்னே போக, ஒவ்வொரு சவரத்துக்கும் முன் ஐம்பது இழுப்பு. பழைய கத்தி என்பதால் முதல் சவரத்துக்கு முன் அலகை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். சவரம் முடிந்ததும் அலகை நன்றாக உலர்த்தி, கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்து, பிறகு மடக்குங்கள்.