சர்வர் மாறியதும் சிதைந்த தமிழ்

கேள்வி: எங்கள் குழுவின் மீடியாவிக்கி (விக்கி தளங்களை நடத்தும் மென்பொருள்) தளத்தைப் புது சர்வருக்கு மாற்றினோம். தமிழெல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறது, படங்களையும் காணோம். என்ன செய்வது?

பதில்: முதலில், பழைய சர்வரை அணைத்துவிடாதீர்கள், அதுதான் இப்போது உங்கள் உயிர்நாடி. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'த' என்ற ஒரே எழுத்துக்கு 3 பைட்டுகள். டேட்டாபேஸை டம்ப் (முழு நகல் கோப்பு) எடுக்கும்போதோ புது சர்வரில் ஏற்றும்போதோ அவற்றை லத்தீன் எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டால் மூன்றும் தனித்தனிக் குறிகளாகச் சிதறிவிடும். கேரக்டர் செட்டை, அதாவது பைட்டுகளை எந்த எழுத்துகளாகப் படிப்பது என்ற அமைப்பை, 'பைனரி' என்று கொடுத்துப் பழைய சர்வரில் மறுபடி டம்ப் எடுங்கள், ஏற்றும்போதும் அதையே கொடுங்கள். கிறுக்கலைக் கையால் திருத்த உட்காராதீர்கள், வீண் வேலை. அப்புறம் படங்கள்: அவை டேட்டாபேஸில் இருப்பதில்லை, 'இமேஜஸ்' ஃபோல்டரைத் தனியாகக் கொண்டுவந்து, அதில் எழுத வெப் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். மீடியாவிக்கி பதிப்பும் மாறியிருந்தால் டேட்டாபேஸைப் புதுப் பதிப்புக்கு ஏற்ப மாற்றும் அப்டேட் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.