நெட்வொர்க்கிங் வேலைக்கு எந்தச் சான்றிதழை முதலில் எடுப்பது?

கொழிஞ்சாம்பாறையில் பி.எஸ்சி. முடித்துவிட்டு காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ்ஸா, நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் சிசிஎன்ஏவா, நேராக அதற்கு அடுத்த நிலையான சிசிஎன்பியா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனவன்தான், அதனால் நேராகவே சொல்கிறேன்: சிசிஎன்ஏ எடுங்கள்.

நெட்வொர்க் பிளஸ் எந்தக் கம்பெனியின் கருவியையும் சாராத நல்ல அடிப்படைப் பாடம், ஆனால் அதில் படிப்பதில் பெரும்பகுதி சிசிஎன்ஏவிலும் வந்துவிடுகிறது, இரண்டுக்கும் பணம் கட்டுவது வீட்டுக்குப் பாரம். சிசிஎன்ஏ ஒரே தேர்வு, 200-301, 120 நிமிடம், 3 வருஷம் செல்லும். அதில் ஐபி கனெக்டிவிட்டிக்கு மட்டும் 25 சதவீதம், அதாவது ரவுட்டிங்கும் (தரவை ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது) ஓஎஸ்பிஎஃபும் (அதற்கான வழியை ரவுட்டர்கள் தாங்களே கண்டுபிடிக்கும் ஒரு முறை) கை வராமல் தேற முடியாது.

என் முதல் நேர்காணலில் சான்றிதழை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, 192.168.10.0/26 என்ற ஐபி முகவரித் தொகுதியில் எத்தனை கணினிக்கு முகவரி கொடுக்கலாம் என்றார்கள். 64 முகவரி, முதலும் கடைசியும் போக 62 என்று எழுதிக் காட்டிய பிறகுதான் பேச்சே தொடங்கியது. டம்ப், அதாவது கசிந்த தேர்வுக் கேள்வி-பதில்களை மனப்பாடம் செய்தவர்கள் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கணினியிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் சிஸ்கோவின் மென்பொருள் பேக்கெட் டிரேசர் இலவசம். தினமும் இரண்டு சுவிட்ச், ஒரு ரவுட்டர் போட்டு விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரித்து, வேண்டுமென்றே ஒரு டிரங்க் போர்ட்டை (பல விலான்களின் தரவைச் சேர்த்துக் கடத்தும் போர்ட்) கெடுத்துவிட்டு எங்கே அறுந்தது என்று தேடுங்கள்.

சிசிஎன்பிக்கு முன்தகுதி எதுவும் கேட்பதில்லை, ஆனாலும் ஓரிரு வருஷம் வேலை பார்த்த அப்புறம் எழுதுங்கள்.